முப்பது சென்ரிமீற்றர்

வெள்ளி பின்னேரம் தொடங்கி
ரொறன்ரோவில் முப்பது சென்ரிமீற்றர் கொட்டுமாம்.
சுகிர்தா அக்கா குரற்பதிவில் சொல்லுறா,
பின்னால் ஆரோ பெட்டி நிறுக்கிற சத்தம்:
"தம்பி, எதுக்கும் வானை ரெடியா வைச்சிரும்.
பிளேன் எழும்பினால் வருவம்."

பாசையூர்ச் சந்தையில் நிண்டு கேட்கிறன்.
வங்காள விரிகுடாவில் தாழமுக்கம்,
ஒருவரும் கடலுக்குப் போகேல்லை.
சிறகுவலையில் பட்ட இறால் மட்டும்
ஒரு சுளகில், நெருப்பு விலைக்கு.

வீட்டை வந்து
மகளின்ர அடிமட்டத்தை முற்றத்தில் குத்தி நிப்பாட்டினன்.
இவ்வளவுதானா?
இதுக்குப் பயந்தோ பிளேன் நிக்கும்?
இங்க முழங்கால் வெள்ளத்துக்குள்ளால
சைலன்சரை வாழைத்தண்டால் அடைச்சுப்போட்டு
ஹயர் ஓடினவன் நான்.

இப்ப என்ர போனில் ரெண்டு வானம்.
யாழ்ப்பாணம்: இருபத்தஞ்சு பாகை, மழை.
ரொறன்ரோ: சைபருக்குக் கீழ் பதினொண்டு,
பக்கத்தில் ஒரு குட்டி வெள்ளை நட்சத்திரம்.
"அப்பா, அது நட்சத்திரமில்லை, பனி" எண்டாள் மெலனி.
எனக்குத் தெரிஞ்ச பனி
விடியப்புறம் வான் கண்ணாடியில் படியிறது,
பேப்பர்த் துண்டால் துடைச்சால் போயிடும்.
அதை மண்வெட்டியால் அள்ளுற சனத்துக்கும்
அதே சொல்தான்.

ஹயர் இருபத்திநாலாந் தேதி இரவு.
நத்தார் இரவு.
நடுச்சாமப் பூசையில் மெலனிக்கு
முதல்தரம் தனியாய்ப் பாட ரெண்டு வரி.
குசினிக்குள்ள நடந்து நடந்து பாடுறாள்,
ரெண்டாவது வரியில் ஒவ்வொருமுறையும் மூச்சு முட்டுது.
ஜசிந்தா இறால் உடைச்சுக்கொண்டு
என்னைப் பாராமல் சொன்னாள்:
"போன வருசமும் நீங்கள் றோட்டில."

கொட்டட்டும் எண்டு நினைச்சன்.
வாயால் சொல்லேல்லை.
அம்பது சென்ரிமீற்றர், அறுவது,
கதவு திறக்கேலாமல் கொட்டட்டும்.
பேந்து லீசிங்காரன்ர முகம் வந்தது.
முப்பத்தோராந் தேதி கட்டவேணும்,
இந்த ஹயர்தான் அந்தக் காசு.
சரி, பதினைஞ்சு கொட்டட்டும்.
ஒரு நாள் பிந்தினால் போதும்.
பதினைஞ்சும் வேண்டாம், பன்னிரண்டு.
மீன்காரியோட இழுபடுறமாதிரி
ஆரோ ஒருவரோட இழுபட்டுக்கொண்டு கிடந்தன்.
அந்த மனிசி மானிப்பாய்க் காணியை எழுத வாறா,
ரெண்டு கிழமை லீவு,
அதில ஒரு நாளைத்தான் நான் கேட்டது.

சனி காலமை எட்டுமணி.
"தம்பி, பிளேனுக்குள்ள ஏறியிட்டம்.
இங்க ஒண்டுமில்லை,
எல்லாம் ஏரிக்கு அங்கால போட்டுது.
சும்மா பயப்படுத்திப்போட்டாங்கள்."
கடைசியில் மூண்டு சிரிச்ச முகம்.
நானும் ஒண்டு அனுப்பினன்.

எங்கட தாழமுக்கம் மட்டும் சொன்ன சொல் தப்பேல்லை.
ஒன்பதரைக்கு வெளிக்கிடேக்க
கோயில் வாசல் மின்குமிழெல்லாம் மழைக்குள்ள
பச்சையும் சிவப்புமாய் ஒழுகிக்கொண்டு நிண்டது.
மெலனி வெள்ளைச் சட்டையை முழங்காலுக்கு மேல தூக்கிப்பிடிச்சு
குடைக்குள்ள ஓடினாள்.
கை காட்டினாளோ,
கண்ணாடிக்குள்ளால் தெரியேல்லை.

முறிகண்டியில் எல்லாரும் நிப்பாட்டுவினம்,
வேதக்காரன் நானும் நிப்பாட்டுவன்.
பிள்ளையாருக்கு இருபது ரூபா போட்டுட்டுப் பார்க்க
ஜசிந்தா அனுப்பின வீடியோ.
முதல் வரி வந்தது.
பல்லு விழுந்த இடத்தால் கொஞ்சம் காத்து,
ஆனால் சரியான சுருதி.
ரெண்டாவது வரிக்கு மூச்சு எடுத்தாள்,
தோள் உயர்ந்தது,
அப்பிடியே நிண்டுபோச்சு.
அவளின்ர வாய்க்கு மேல
ஒரு வட்டம் சுத்திக்கொண்டே இருந்தது.

வவுனியாவில் சிக்னல் வரும்.

கச்சான்காரி தார்ப்பாயைத் தூக்கித் தண்ணியைச் சரிச்சுவிட்டு
என்ர போனை எட்டிப் பார்த்தா.
"என்னவாம் தம்பி, நாளைக்கு விடுமோ?"
வீடியோவை மூட
கீழ ரொறன்ரோ இன்னும் திறந்தபடி கிடந்தது.

"வெயிலாம்" எண்டன்.
அவ நம்பேல்லை.
சுருளைச் சுத்தி, ஒரு பிடி கூடப் போட்டுத் தந்தா.